இரத்த அணுவின் பருமனும் கால்நடைச் சிகிச்சையும்

சோகை கண்ட கால்நடைகளின் இரத்தத்தைப் பரீட்சைக்கு அனுப்புவது நல்ல வழக்கமே. ஆனால் பரீட்சைத் தாளில் சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் குறைந்திருக்கக் கண்டவுடன் இரும்புச்சத்து டானிக் வாங்கிப் புகட்டுவதும், கூடியிருந்தால் பிராணி தேறாதென்று எண்ணிச் சந்தைக்கு ஓட்டிவிடுவதும் சரியல்ல. அவ்விலக்கம் நோயின் பெயரன்று. நோயைத் தேடுவதற்கு உதவும் ஒரு குறிப்பேயாகும்.

முதலாவதாக, இவ்வளவு இனத்திற்கு இனம் வேறுபடும். ஃபெம்டோலிட்டர் கணக்கில், வளர்ந்த மாட்டிற்கு ஏறக்குறைய 40 முதல் 60 வரையிலும், செம்மறியாட்டிற்கு 28 முதல் 40 வரையிலும், வெள்ளாட்டிற்கு 16 முதல் 25 வரையிலும் இருப்பது இயல்பு. மாட்டிற்குரிய அளவைக் கொண்டு பார்த்தால், சுகமாயுள்ள வெள்ளாடும் நோயுற்றதாகவே தோன்றும். ஆகையால் இரத்தத்தோடு அனுப்பும் தாளில் பிராணியின் இனமும் வயதும் தவறாது குறிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவதாக, அணு சிறுத்தல் பெரும்பாலும் நாட்பட இரத்தம் இழந்து இரும்புச்சத்து குன்றியதைக் காட்டும். ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் புழுவும், உடலில் மொய்க்கும் உண்ணி, பேன் முதலியனவும் இதற்குக் காரணமாகலாம். புழுவை நீக்காமல் இரும்புச்சத்து மட்டும் புகட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். தாமிரச்சத்துக் குறைவாலும் அணு சிறுப்பதுண்டு.

மூன்றாவதாக, அணு பெருத்தல் எப்போதும் தீய குறியன்று. காயத்தாலோ, பபீசியா போன்ற உண்ணி ஜுரத்தாலோ இரத்தம் குறைந்தபின், எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை வெளியிடுகிறது. அவை முதிர்ந்த அணுக்களைக் காட்டிலும் பெரியவை. எனவே பெருத்த அணு, பசு தேறிவருவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அத்தகைய பசுவை அற்ப விலைக்கு விற்பவர் நஷ்டத்தைத் தாமே தேடிக்கொள்கிறார். நோய் கண்ட முதற் சில நாட்களில் இம்மாறுதல் தோன்றாமலும் இருக்கும். எடுத்த இரத்தம் நெடுநேரம் கிடந்துவிட்டாலும் அணுக்கள் உப்பிப் பெரியனவாய்க் காணப்படும்.

சிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்திருக்கையில் சராசரி இயல்பாகவே அமைந்து ஏமாற்றுவதும் உண்டு. ஆதலால் அணுக்களின் எண்ணிக்கை, கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தம், சாணப் பரீட்சை ஆகிய யாவற்றையும் கால்நடை வைத்தியர் சேர்த்துப் பார்த்த பின்னரே மருந்தைத் தீர்மானிப்பது முறை. கிராம உத்தியோகஸ்தர்கள் முகாம்களில் எடுக்கும் இரத்தம் அன்றைக்கே பரீட்சைசாலை சேருமாறு கவனிப்பார்களாயின், ஏழைக் குடியானவரின் ஆடுமாடுகள் பல வீணே அழியாமற் காக்கப்படும்.