இரவற் கண்கள்

புகழ்பெற்ற நூல் ஒன்றற்குப் பின்னூல் செய்யப் புகுவார்க்கு நேரும் இடர் பெரிது. முன்னூலின் புகழே பின்னதற்கு முதலாகவும் பகையாகவும் நிற்கும். இவ்வுண்மை ஏட்டுக்கேயன்றித் திரைக்கும் ஒக்கும் என்பதை, அண்மையில் யாம் கண்ட இரு பழம் படங்கள் நன்கு உணர்த்தின. அவற்றுள் முன்னது, 1932-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒயிட் ஜாம்பி'. பின்னது, அதனை ஆக்கிய ஹால்பெரின் சகோதரர்களே 1936-இல் வெளியிட்ட 'ரிவோல்ட் ஆப் தி ஜாம்பீஸ்'. 'ஜாம்பிகளின் கலகம்' என்பது அதன் பொருள்.

விடுதித் தோழர் சிலரோடு அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் இவற்றைக் கண்டோம். முதல் இரவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் இரவில் பாதிப் படத்திற்குள் மூவர் உறங்கிவிட்டனர். உறங்கினாரை யாம் குறை கூறோம். ஆயினும், "பழைய படம் அப்படித்தான் இருக்கும்" என்று மறுநாட் காலையில் அவர்கள் வழங்கிய தீர்ப்பை ஒப்புதற்கில்லை. எம்மை உறங்கவொட்டாது செய்த படம், உறங்கச் செய்த படத்தினும் நான்கு ஆண்டு பழையதன்றோ? குற்றம் பழமையில் இல்லை, வேறிடத்தில் உளது. அஃது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்காலத்து இளைஞர் 'ஜாம்பி' என்றதும் மனிதரைக் கடித்துத் தின்னும் பிணக்கூட்டத்தையே நினைப்பர். அவ்வடிவம் 1968-இல் ஜார்ஜ் ரோமெரோ எடுத்த 'நைட் ஆப் தி லிவிங் டெட்' என்னும் படத்தினின்று பரவியது. பண்டை ஜாம்பி யாரையும் தின்பதில்லை, அஃது உழைக்கிறது. ஹெய்ட்டி நாட்டு மக்களின் நம்பிக்கைப்படி, மந்திரவாதி ஒருவனால் கல்லறையினின்று எழுப்பப்பெற்று, தன் நினைவும் விருப்பும் இழந்து, அவன் ஏவிய பணியை ஓயாது செய்யும் உடலே ஜாம்பி. அந்நாடு முன்னர்ப் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டமாக இருந்தது. ஆப்பிரிக்காவினின்று கொணரப்பட்ட அடிமைகள் அங்கே வதைபட்டு, பின்னர்க் கிளர்ந்தெழுந்து போராடி, 1804-இல் விடுதலை பெற்றனர். சாவு ஒன்றே ஓய்வு என்றிருந்த அடிமைக்கு, செத்த பின்னும் ஓய்வில்லை என்பதினும் கொடிய அச்சம் வேறு யாது? ஆதலின், அம்மக்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சியதினும், தாமே ஜாம்பியாகிவிடுவோமோ என்று அஞ்சியதே மிகுதி.

'ஒயிட் ஜாம்பி' இவ்வச்சத்தின் வேரைத் தொட்டது. 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. படம் வெளிவந்தது அக்காலத்தேயாம். மணம் செய்துகொள்ள அந்நாட்டிற்கு வந்த மாடலின் என்னும் பெண்ணை விரும்பிய தோட்ட முதலாளி ஒருவன், லெஜாண்டர் என்னும் மந்திரவாதியின் துணை நாடி அவனது கரும்பாலைக்குச் செல்கிறான். லெஜாண்டராக நடித்தவர், முந்தைய ஆண்டில் டிராகுலாவாகத் தோன்றிப் பெயர்பெற்ற பேலா லுகோசி. ஆலையில் ஜாம்பிகள் பெரியதோர் உருளையைத் தள்ளிச் சுற்றுகின்றனர். மரம் கிறீச்சிடும் ஒலியே எங்கும் கேட்கிறது. ஒருவன் தடுமாறி ஆலைவாயில் வீழ்கிறான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, உருளையும் நிற்கவில்லை.

அச்சம் பிறக்கும் நிலைக்களன் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காகும் என்பர் தொல்காப்பியர். இறை என்றது தம்மை ஆளும் தலைவரை. அவ்வாலையில் அணங்கும் இறையும் ஓருருவாய் நிற்கின்றன. பேயை ஏவுவோனும் முதலாளியும் அங்கே ஒருவனே. எம் தோழர் வாயடைத்தது இதனாலேயே என்று துணிகின்றோம்.

இனி, இரண்டாம் படத்தை நோக்குவோம். அதன் தொடக்கம் வறியதன்று. முதல் உலகப்போரில் கம்போடிய வீரர் சிலர் மந்திரத்தால் ஜாம்பிகளாகிப் பகைவரின் பதுங்குகுழி நோக்கி நடக்கின்றனர். குண்டு பாய்ந்தும் நிற்கவில்லை. பிரெஞ்சு அரசு தன் ஆட்சிக்குட்பட்ட இந்தோசீனத்தினின்று பல்லாயிரவரை அப்போருக்குக் கொண்டுசென்றது வரலாறு. தமதல்லாத போரில், பிறர் ஏவலால், நெஞ்சற்று நடக்கும் வீரன்! ஆலையடிமையினும் அச்சம் தரவல்ல கருத்து இது. அன்றியும், படத்தின் பெயர் அவ்வடிமைகளின் கலகத்தையே நமக்கு வாக்களிக்கிறது.

இத்துணை நல்ல விதையினின்று விளைந்தது யாது? ஒரு காதற் பூசல். மந்திரத்தின் மறைபொருளைக் கண்டு அழித்தற்கு அங்கோருக்குச் சென்ற குழுவில் ஆர்மண்ட் என்னும் இளைஞன் உளன். அவன் எம்மைப் போலவே பண்டை மொழி கற்பவன்; எம்மைப் போலவே கூச்சம் மிக்கவன். காதலில் தோற்ற அவன், மந்திரத்தைக் கைப்பற்றிப் பிறரைத் தன் ஏவலுக்குட்படுத்துகிறான். இறுதியில் காதலியின் பொருட்டு அவ்வாற்றலைத் துறந்து, விடுபட்டோர் கையால் மாள்கிறான். இவற்றிற் பெரும்பகுதி நின்றும் இருந்தும் பேசும் பேச்சாகவே கழிகிறது. அங்கோர்க் கோயில்களோ நடிகரின் பின்னே விழும் நிழற்படங்களாக நிற்கின்றன. கலகம் கடைசிச் சில கணங்களில் வந்து மறைகிறது. கலகம் செய்தவருள் ஒருவனது பெயரையேனும் யாம் அறியோம். அவன் எதை இழந்தான், எதை மீட்டான் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

எல்லாவற்றினும் எம்மை வருத்தியது பிறிதொன்று. லுகோசி இப்படத்தில் நடிக்கவில்லை. ஆயினும் மந்திரம் தொழிற்படும்போது, முதற்படத்தினின்று எடுத்த அவர் கண்கள் மட்டும் திரையில் மிதக்கின்றன. முதற்படத்தில் அக்கண்களுக்குப் பின்னே ஓர் ஆலையும், அதன் முதலாளியும், அவனது வணிகமும் இருந்தன. ஈண்டு, கண் உளது, காண்போன் இலன். 'ஜாம்பி' என்னும் சொல்லைப் படத்தின் பெயரில் வைக்கும் உரிமை குறித்து நியூயார்க்கில் வழக்கும் நடந்தது. சொல்லுக்கு வழக்காடினர், சொல்லின் பொருளைக் காத்தாரிலர்.

பொருள் குறைந்தமையால் படமும் குறைந்தது என்பார் உளர். அது பொருந்தாது. முதற்படம் பதினொரே நாளில், ஏறத்தாழ 50,000 டாலர் செலவில் முடிந்ததாம். நடிகர் குறை என்பதும் பொருந்தாது. ஆர்மண்டாக நடித்த டீன் ஜாகர், பின்னர் 1949-ஆம் ஆண்டுப் படமொன்றில் துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றவர். குறைந்தது பொருளுமன்று, ஆளுமன்று. அடிமையின் பக்கம் நின்று நோக்கும் நோக்கமே.

முதற்படமும் இக்குற்றத்தினின்று முற்றும் நீங்கியதன்று. ஆலைக்காட்சி முடிந்ததும் அதுவும் மாடலினின் துயரையே பின்தொடர்கிறது. ஆலைவாயில் வீழ்ந்தவனை யாரும் மீண்டும் நினைப்பதில்லை. எனினும் அவன் வீழ்ந்ததை அது ஒருமுறை நமக்குக் காட்டியது. காட்டியதனாலேயே இன்றும் வாழ்கிறது. இரண்டாம் படம் அவ்வடிமைகளைப் பெயரில் வைத்துக் கதையில் மறந்தது.

இம்மலருக்குக் கதையும் கவிதையும் எழுதும் தோழர்க்கும், எமக்குந்தாமே, இதனால் ஒன்று கூற விழைகின்றோம். புகழ்பெற்றோர் நடையும் உவமையும் கடன்வாங்க எளியன. யாமும் பலகால் வாங்கியுள்ளோம். அவர்கள் எதனைக் கண்டு நடுங்கினரோ அதனை நாமும் சென்று காணாவிடில், நம் எழுத்திலும் இரவற் கண்களே மிதக்கும். படிப்போர் உறங்கின், அவர்மேற் குற்றமில்லை.