புகை மணியின் பொடி எழுத்து

விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் தன் குறைகளைத் தானே அச்சிட்டுக் கொடுக்கும் பொருள் மிகச் சில. சோப்பு விற்பவர், "இது எல்லா அழுக்கையும் போக்கிவிடாது" என்று உறைமேல் எழுதுவதில்லை. பேனா விற்பவர், "தேர்வில் நீர் தவறினால் நான் பொறுப்பல்லேன்" என்று சொல்வதில்லை. ஆனால், வீட்டின் உட்கூரையில் பொருத்தும் புகை எச்சரிக்கை மணியோடு வரும் தாளைப் படித்துப் பாருங்கள்! கருவி என்ன செய்யும் என்பது நான்கு வரி. என்ன செய்யாது என்பது நாற்பது வரி.

இம்மணி மேனாட்டு இல்லங்களில் வளர்ந்தது. அமெரிக்காவில் அநேகமாக எல்லா வீடுகளிலும் இன்று உண்டு. நம் நாட்டுச் சாதாரண வீடுகளில் இன்னும் வழக்கமாகவில்லை. எனினும், தில்லியில் நாம் நால்வர் ஐவராகச் சேர்ந்து வாடகைக்குப் பிடிக்கும் வீடுகளிலும் மாணவர் விடுதிகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. நான் இருக்கும் வீட்டின் நடைவழியிலும் வீட்டுக்காரர் ஒன்று மாட்டியிருக்கிறார். அதன் தாள் என்னிடம் இருக்கிறது. எட்டாக மடித்த தாள், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து, முழுதும் ஆங்கிலம்.

இத்தகைய தாள்களில் வழக்கமாகக் காணும் செய்திகள் இவை. மின்கலம் தீர்ந்தால் மணி ஒலிக்காது. மூடிய கதவுக்கு அப்பால், சுவருக்கு உள்ளே, வேறொரு மாடியில் எழும் தீயை அறியாமற் போகலாம். ஆழ்ந்து உறங்குபவர், குடித்திருப்பவர், காது மந்தமானவர் விழிக்காமற் போகலாம். எரிவாயு கசிந்து வெடித்தாலும், குழந்தைகள் தீப்பெட்டியோடு விளையாடினாலும், பகைவன் கொளுத்தினாலும், படுக்கையில் புகைபிடித்தாலும் உரிய நேரத்தில் எச்சரிக்கை வாராமலிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மகுடமாக ஒன்று: இக்கருவி ஆயுள் காப்பீட்டுக்கு மாற்றன்று, ஆகவே உயிரையும் உடைமையையும் தொடர்ந்து காப்பீடு செய்துகொள்க!

இதைக் கேட்டு என் அறை நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிக்கத்தக்கதுதான். ஆனால் சிரித்துவிட்டுத் தாளைக் குப்பையில் போட்டுவிடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏனெனில், அந்தத் தாளில் மூன்று வகை வாக்கியங்கள் ஒரே எழுத்தில், ஒரே குரலில், ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இயற்கை விதித்த எல்லைகள் ஒரு வகை. மனிதனின் இயல்பால் வருபவை ஒரு வகை. மூன்றாவது, நாளை நீதிமன்றத்தில் நிற்க நேரிடுமோ என்ற வணிகரின் அச்சம். மூன்றாவதன் இரைச்சலில் முதலிரண்டும் நம் காதில் விழாமற் போகின்றன. இதுவே என் குற்றச்சாட்டு.

முதல் வகையைப் பார்ப்போம். இம்மணிகளில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. ஒன்றில் அமெரிசியம் என்னும் கதிரியக்கத் தனிமம், ஒரு மைக்ரோகிராமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். (1944-இல் ஆக்கப்பட்ட இத்தனிமத்தைப் பற்றி உலகுக்கு முதலில் தெரிந்தது 1945-இல் ஒரு சிறுவர் வானொலி நிகழ்ச்சியில் கிளென் சீபார்க் வாய்திறந்தபோது என்பது விஞ்ஞான வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.) அதன் கதிர்கள் இரு தகடுகளுக்கிடையே உள்ள காற்றை அயனியாக்கி மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்கும். புகைத்துகள் நுழைந்து அயனிகளைப் பற்றிக்கொண்டால் மின்னோட்டம் தளரும், மணி அலறும். மற்றொரு பிரிவில் ஒளிக்கற்றை ஒன்று உண்டு. ஓட்டு வீட்டின் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மின்னுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே தத்துவந்தான். புகை நுழைந்தால் ஒளி சிதறி, பக்கத்தில் இருக்கும் உணரியின் மேல் படும்.

முன்னது கொழுந்துவிட்டு எரியும் தீயை விரைந்து அறியும். பின்னது கனன்று புகையும் தீயை விரைந்து அறியும். பஞ்சு ரஜாயின் ஓரத்தில் ஹீட்டரின் சூடு பட்டு மணிக்கணக்காக உள்ளுக்குள் கனலும் தீ இரண்டாம் வகையினது. அந்தத் தீக்கு முதற்பிரிவு மணி காலந்தாழ்த்தி ஒலிக்கக்கூடும். இது வணிகரின் சூழ்ச்சியன்று. துகளின் பருமனைப் பொறுத்த பௌதிகம். வாங்குமுன் எந்தப் பிரிவு என்று பெட்டியைத் திருப்பிப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்?

இயற்கையின் எல்லைகளுள் நம்மை நேரே தொடும் ஒன்றும் உண்டு. புகை மணி புகையை மட்டுமே அறியும். கார்பன் மோனாக்சைடை அறியாது. தில்லிக் குளிருக்கு வந்த புதிதில் நம் ஊர்ப் பிள்ளைகள் மலிவான வெப்பம் தேடி அங்கீட்டியில் கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கரி நன்றாகக் கனன்ற பின் புகை அடங்கிவிடும். நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு மட்டும் அறையில் நிறையும். இரத்தத்தின் ஹீமோகுளோபினை உயிர்வாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்ளும். தலைக்கு மேலே மணி பச்சை விளக்கோடு ஊமையாக இருக்கும். 2024 ஜனவரியில் இத்தலைநகரின் அலிப்பூர்ப் பகுதியில் அங்கீட்டி மூட்டிய அறையில் உறங்கிய ஒரே குடும்பத்தினர் நால்வர் விடியலில் எழவில்லை. மோனாக்சைடுக்குத் தனிக் கருவி உண்டு. அதைவிட மலிவான மருந்து, அறைக்குள் கரியே மூட்டாதிருப்பது.

இரண்டாம் வகை மனித இயல்பு. "விழிக்காமற் போகலாம்" என்ற வரியைப் படித்து, எண்பத்தைந்து டெசிபெல் ஒலிக்கு விழிக்காதவனும் உண்டோ என்று கேட்டான் ஒரு நண்பன். உண்டு. ஸ்காத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 34 குழந்தைகளுள் 27 பேர் மணி ஒலித்தபோதெல்லாம் உறங்கிக்கொண்டே இருந்தனர். வழக்கமான மணியின் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வு கொண்ட கீச்சொலி. 520 அதிர்வு கொண்ட தாழ்ந்த ஒலி உறக்கத்தை இன்னும் நன்றாகக் கலைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே அந்த வரி வெறும் சாக்கு அன்று. வீட்டில் யார் யாரை எழுப்புவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லும் வரி.

"இத்தனை 'லாம்' போட்ட கருவியை ஏன் வாங்க வேண்டும்?" என்பார் உண்டு. வாங்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் வீட்டுத் தீயில் மாண்டவர்களுள் ஐவரில் ஏறத்தாழ மூவர், மணியே இல்லாத வீட்டிலோ மணி வேலை செய்யாத வீட்டிலோ மாண்டவர்கள். மணி வேலை செய்யாமைக்கு முதற்காரணம் மின்கலத்தைக் கழற்றிவிட்டதோ, அது தீர்ந்துபோனதோதான். கழற்றுவானேன்? சமையற் புகைக்கெல்லாம் அது கூச்சலிடுவதால். அமெரிக்கத் தர விதியில் இப்போது ஹாம்பர்கர் வாட்டும் புகைக்கு மணி வீணே அலறக்கூடாது என்று ஒரு சோதனை சேர்த்திருக்கிறார்கள். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிக்கும் புகையை அவர்கள் கண்டதில்லை! நாம் செய்யக்கூடியது, மணியை அடுப்பிலிருந்து தள்ளி நடைவழியில் மாட்டுவதும், அலறும்போது கலத்தைப் பிடுங்காமல் சன்னலைத் திறப்பதுமே.

மூன்றாம் வகையை, காப்பீட்டு உபதேசம் முதலியவற்றை, அப்படியே தள்ளிவிடலாம். ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மணி தீயை அணைப்பதில்லை, ஓடச் சொல்கிறது. ஓட வழி வேண்டாமா? 2023 செப்டம்பரில் முகர்ஜி நகரில் மாணவியர் தங்கிய விடுதியொன்றில், படிக்கட்டருகே இருந்த மின்மீட்டர்ப் பலகையில் தீப்பிடித்தது. அந்தக் கட்டடத்துக்கு இருந்ததோ ஒரே படிக்கட்டு. 35 பெண்களைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் அதே பகுதியில் ஒரு பயிற்சிக் கூடத்தில் தீப்பிடித்தபோது மாணவர்கள் சன்னல் வழியே கயிற்றைப் பற்றி இறங்கியதை நாடே கண்டது. வாடகை பேசும்போது குளியலறையில் வெந்நீர் வருமா என்று கேட்கிறோம். மீட்டர்ப் பலகை எங்கே, மொட்டைமாடிக் கதவின் சாவி யாரிடம், இரும்புக் கம்பிக் கதவு உள்ளிருந்து திறக்குமா என்று கேட்பதில்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் நாம், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள் அச்சிடுவோம். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துவது, பத்தாண்டு ஆன மணியை மாற்றுவது, உறங்கும்போது எழுப்புவோர் யார், வெளியே போகும் வழி எது ஆகியவை மட்டும் அதில் இருக்கட்டும். எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. இந்தி நன்கறிந்த தோழர் யாரேனும் அதை இந்தியிலும் ஆக்கித் தந்தால் வீட்டுக்காரர்களிடமும் காவலாளிகளிடமும் கொடுக்கலாம். நவம்பர் முடியுமுன் வேலை முடிய வேண்டும். அங்கீட்டியைப் பற்றிய வரி முதல் வரியாக இருக்க வேண்டும்.