கணக்குப்பிள்ளை வேண்டும்!

"ஷாக் அடிச்சா ஃப்யூஸ் போயிடும் சார், நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் பி.காம். ஃபிசிக்ஸ் வராது, கணக்கு வரும். போட்டுப் பார்த்தேன். இடிக்கிறது.

நம் வீட்டு சப்ளை 230 வோல்ட். ஒரு 25 வாட்ஸ் குண்டு பல்பு எரிய சுமார் 110 மில்லி ஆம்பியர் போதும். அதே அளவு கரண்ட் ஒரு கையில் நுழைந்து, நெஞ்சு வழியாகக் காலில் இறங்கினால் ஓரிரு விநாடியில் இதயம் தாறுமாறாகிவிடலாம். ஈரக்கை என்றால் கரண்டுக்கு ராஜபாட்டை. எம்.சி.பி.யோ 6 ஆம்பியரைத் தாண்டினால்தான் கண் விழிக்கும். அதாவது 6,000 மில்லி! அது ஒயரைக் காப்பாற்ற வந்த ஆள். உங்களை அல்ல.

அதென்ன தாறுமாறு? இதயத்தின் வலது மேலறையில் 'சைனஸ் நோட்' என்று ஒரு மேனேஜர். நிமிஷத்துக்கு எழுபது தடவை போல மெலிசாக ஒரு மின் உத்தரவு போடுவார். தசைகள் வரிசையாகச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். வெளி கரண்ட் புகுந்தால் ஒவ்வொரு தசைநாரும் தன் இஷ்டத்துக்குத் துடிக்கும். ஆபீசில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஃபைல் நகருமா? ரத்தமும் நகராது. பெயர், ஃபிப்ரிலேஷன். சில நிமிஷத்தில் மூளை பட்டினி.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மருந்தும் ஷாக்தான். 1947-ல் அமெரிக்காவின் க்ளீவ்லாண்டில் ஆபரேஷனின்போது ஒரு 14 வயசுப் பையனின் இதயம் இப்படித் தடுமாற, டாக்டர் க்ளாட் பெக் நேரே இதயத்திலேயே ஷாக் வைத்து மீட்டார். ஒரே அதட்டலில் அத்தனை பேரும் கப்சிப். மேனேஜர் குரல் மறுபடி கேட்கும். சினிமாவில் கோடு நேராக ஓடும்போது ஷாக் கொடுக்கிறார்களே, அது டைரக்டர் வைத்தியம். ஆளே இல்லாத ஆபீசில் யாரை அதட்டுவது?

மெஷின் வரும்வரை? முதலில் மெயினை அணையுங்கள். அதுவரை ஆளைத் தொடாதீர்கள். 108-க்கு போன். மூச்சு பேச்சு இல்லையென்றால் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 1960-ல் இந்த முறையை உலகுக்குச் சொன்ன மூவரில் ஒருவரான கூவன்ஹோவன், எலெக்ட்ரிகல் இன்ஜினீயர்! ஷாக்கில் சாகும் லைன்மேன்களுக்காக ஆராய்ச்சியில் இறங்கியவர்.

இவ்வளவு தூரம் போவானேன்? வீட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. மாட்டுங்கள். போன கரண்ட் எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று ஓயாமல் டேலி பார்க்கும் கணக்குப்பிள்ளை. 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தால், அது உங்கள் உடம்பு வழியாகப் போகிறதோ என்று சந்தேகப்பட்டு, கண் இமைப்பதற்குள் லைனை வெட்டிவிடும். மாசம் ஒரு தடவை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளைக்கும் ஆடிட் உண்டு சார்!