குறை தவளையின் இதயத்திலா, நம் பாடத்திலா?

இன்னிக்கு கொஞ்சம் சூடான மேட்டர்.

ப்ளஸ் ஒன் விலங்கியல் தேர்வில் தவளையின் இதயம் வந்தது. படம் போட்டு, மூன்று அறைகளுக்கும் பெயர் எழுதி, "கீழறை ஒன்றே என்பதால் நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்துவிடும், எனவே இது குறைபாடுள்ள இதயம்" என்று முடித்தேன். முழு மார்க்!

அப்புறம்தான் சந்தேகம். டைனோசர் காலத்திலிருந்து குறையுள்ள இதயத்தோடவா இந்த ஜீவன் குதிச்சிட்டு இருக்கு? வகுப்பில் கேட்டேன். "புக்ல இருக்கிறதை எழுதுப்பா" என்று பதில் வந்தது.

புக்கில் இல்லாததை இப்போ எழுதறேன். நமக்கு ஆக்சிஜன் ஏறும் இடம் நுரையீரல் மட்டும்தான். தவளைக்கு ஈரத்தோலும் உண்டு. நுரையீரல் ரத்தம் இடது மேலறைக்கு வரும். தோலில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமோ, உடம்பு சுற்றிய ரத்தத்தோடு சேர்ந்து வலது மேலறைக்கு வரும். ஆக, வலப்பக்கம் வருவது வெறும் "கெட்ட ரத்தம்" என்பதே தப்பு.

தண்ணீரில் முங்கியிருக்கும்போது நுரையீரலால் பெரிய பிரயோஜனம் இல்லை. அங்கே போகும் ரத்தத்தைக் குறைத்து உடம்புக்குத் திருப்ப, நடுச்சுவர் இல்லாத கீழறைதான் வசதி. நமக்கு அது முடியாது. உடம்புக்குப் போகிற அளவு ரத்தம் நுரையீரலுக்கும் போயே ஆகணும். தவிர, எல்லாம் சாம்பார் மாதிரி கலந்துவிடுவதும் இல்லை. கீழறையின் பஞ்சு போன்ற உட்சுவரும், வெளியேறும் குழாயிலுள்ள சுருள் வால்வும் ஓரளவு பிரித்தே அனுப்புகின்றன. இதுவா குறை?

மூச்சும் அப்படித்தான். தவளைக்கு விலா எலும்புக் கூடும் கிடையாது, உதரவிதானமும் கிடையாது. வாயின் அடித்தளத்தை இறக்கி மூக்கு வழியே காற்றை இழுக்கும். மூக்கை மூடி, அடித்தளத்தை உயர்த்தி நுரையீரலுக்குள் தள்ளும். அதன் தொண்டை ஓயாமல் துடிப்பது இதற்குத்தான். தண்ணீரை வாயால் குடிப்பதும் இல்லை. அடிவயிற்றுத் தோல் உறிஞ்சிக்கொள்ளும்.

"டிசெக்‌ஷன் போனதால்தான் உங்களுக்கு ஒண்ணும் தெரியலை" என்பார்கள் சீனியர்கள். 2011-ல் யுஜிசி அதைக் குறைக்கச் சொன்னது. 2014-ல் விலங்கியல் படிப்புகளில் நிறுத்தவே சொன்னது. சரி அண்ணா, துடிக்கும் இதயத்தை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள், ஒத்துக்கிறேன். ஆனால் ப்ராக்டிகலில் கேட்டது என்ன? மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி, உறுப்புகளில் குட்டிக் கொடி நட்டு, பெயர் எழுதினீர்கள். நாங்கள் அதையே தாளில் அம்புக்குறி போட்டு எழுதுகிறோம். கத்தி போச்சு, மனப்பாடம் போகலை!

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? தாம்பரம் பக்கம் வாங்க. செம்பாக்கம் ஏரியில் வீட்டுக் கழிவுநீர் கலந்ததும், பிறகு அதை மீட்க வேலை நடந்ததும் இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த ஏரித் தண்ணீர் வழிந்து போவது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே இடம்தான். ஆக்சிஜனையும் தண்ணீரையும் உள்ளே விடும் தோல், சோப்புத் தண்ணீரையும் பூச்சிமருந்தையும் மட்டும் வாசலில் நிறுத்திவைக்குமா? தவளைக்குச் சாக்கடைத் தண்ணீர் வெறும் நாற்றமில்லை. அது மூச்சிலேயே கலக்கும் விஷம்.

"தவளை தோலாலும் சுவாசிக்கும்" என்று நாம எல்லாரும் எழுதி மார்க் வாங்கியிருக்கோம். அதே கையால் வீட்டுக் குழாயை மழைநீர்க் கால்வாயில் சொருகுகிறோம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லலையே!

அடுத்த பரீட்சையில் "தவளையின் இதயம் குறைபாடுள்ளது ஏன்?" என்று கேட்காமல், "செம்பாக்கம் ஏரியில் கழிவுநீர் கலந்தால் தவளைக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்க சார். அதற்குப் பதில் எழுத இதயம், நுரையீரல், தோல் எல்லாமே புரிஞ்சிருக்கணும்.

அதுவரை யாரையும் "கிணற்றுத் தவளை" என்று திட்டாதீங்க. தவளைக்கு அவமானம்!