சித்தப்பா பார்த்த யானையும் தாத்தா பார்த்த யானையும்

பொங்கலுக்கு எங்கள் சித்தப்பா ஊருக்கு வந்திருந்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யா போய், மசாய் மாராவில் சஃபாரி பார்த்துவிட்டு வந்தவர். கரிநாள் அன்று மத்தியானம், கறிச்சோறு தின்ற மயக்கத்தில் கிடந்த எங்கள் எல்லோரையும் டி.வி. முன்னால் உட்காரவைத்து, போட்டோவும் வீடியோவுமாக இரண்டரை மணி நேரம் ஓட்டினார்.

பொய் சொல்லக் கூடாது, படங்கள் அருமை. ஆற்றில் கும்பல் கும்பலாகக் குதிக்கும் வில்டபீஸ்ட், வண்டி நிழலிலேயே வந்து படுத்துக்கொண்ட சிங்கம், ஜீப்புக்குப் பத்தடி தள்ளி அம்மா, பெரியம்மா, குட்டி என்று வரிசையாகப் போகும் யானைகள். என் தங்கை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

வம்பு கடைசியில்தான் வந்தது. லேப்டாப்பை மூடிக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "அங்க மிருகத்துக்கு ராஜ மரியாதை. நம்ம ஜனங்க கரண்ட் வெச்சுக் கொல்றானுங்க. காட்டுமிராண்டிங்க."

பாயில் படுத்திருந்த தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, அங்க வெள்ளாமை பண்றவங்க எங்க இருக்காங்க? ஒரு படத்துலயும் காணமே?"

"அது ரிசர்வுப்பா. அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

அந்த 'யாரும் இருக்க மாட்டாங்க' என்ற ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

யாரும் இல்லாத இடம் என்று அங்கே எதுவும் இல்லை சித்தப்பா. மாராவை ஒட்டி, எல்லைக்கு அந்தப்பக்கம் தான்சானியாவில் இருப்பது செரெங்கெட்டி. வெள்ளைக்காரன் 1951-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினான். 1959-ல் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மசாய் மக்களை வெளியேற்றி ஙொரொங்கொரோ பக்கம் அனுப்பினான். அது பழைய கதை என்றால், 2022 ஜூனில் பக்கத்து லோலியாண்டோவில் மேய்ச்சல் நிலத்தை அளந்து கல் நட அரசாங்கம் போனபோது நடந்த கலவரத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் போட்டோவில் மனுஷன் இல்லாததற்கு, காட்டில் மனுஷனே இல்லை என்பதல்ல காரணம். ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.

நிற்க. கென்யாக்காரர்கள் ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மாரா ரிசர்வைச் சுற்றியுள்ள நிலத்தில் நிறையப் பகுதி மசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். அவர்கள் நிலங்களைச் சேர்த்துக் 'கன்சர்வன்சி' என்று வைத்துக்கொண்டு, அங்கே லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் வாடகை வாங்குகிறார்கள். அதிலும் ஆயிரம் தகராறு இருக்கும், இருக்கட்டும். ஆனால் யானை வந்து நின்றால் நிலத்துக்காரனுக்கு ஒரு வரவு உண்டு என்ற கணக்காவது அங்கே இருக்கிறது. ரிசர்வுக்குள் போக, ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். நம்ம காசுக்குப் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல். சித்தப்பா அதை முணுமுணுக்காமல் கட்டியிருக்கிறார்.

இப்போது எங்கள் தாத்தா யானை பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். ஊர் மாரண்டஅள்ளிப் பக்கம். ஐப்பசி பிறந்து ராகி கதிர் பிடிக்கிற நேரத்தில் யானைகள் இந்தப்பக்கம் இறங்கும். பன்னேர்கட்டாவிலிருந்து காவிரிக்கரைக் காடுகள் வரை அவற்றுக்கு ஒரே வழி. மாவட்ட எல்லை, மாநில எல்லை எல்லாம் நமக்குத்தான். கொல்லையில் மரத்து மேல் பரண். கம்பளி, டார்ச், வெடி, தட்டுவதற்கு ஒரு தகர டின். டிக்கெட் கிடையாது. இரவு முழுக்க அங்கே உட்கார வேண்டும், விடிந்தால் மாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு யானை ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ வரை தின்னும் என்கிறார்கள். தின்பதுகூடப் பெரிதில்லை, நடந்து போனாலே போச்சு. நான்கு யானை ஒரு ஏக்கர் ராகியில் புகுந்து அந்தப்பக்கம் வெளியேறினால், களத்துக்கு வர வேண்டியது மாட்டுக்குத்தான் ஆகும்.

ஆனால் தாத்தா யானையை 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நேத்து சாமி வந்துட்டுப் போச்சு" என்பார். ஒரு வருஷம் பாதிக் கொல்லை போனது. நஷ்ட ஈட்டுக்கு எழுதிப் போட்டார். போட்டோ எடுத்தாயா, சிட்டா எங்கே, கையெழுத்து வாங்கினாயா என்று நான்கு தடவை அலைந்தார். பஸ் செலவையும் போன நாள் கூலியையும் நான் கூட்டிப் பார்த்தேன் (பி.காம். படித்து வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம்). ஐந்தாவது தடவை போகாமல் இருப்பதே லாபம் என்று வந்தது. போகவில்லை.

மின்வேலியை நான் நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் லைனிலிருந்தோ நேராகக் கம்பியில் மின்சாரம் விடுவது கொலைதான். அதில் யானை மட்டுமில்லை, தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷனும் சாகிறான். சோலார் வேலி வேறு. அதில் மின்சாரம் விட்டு விட்டு, கண நேரத் துடிப்பாக வரும். சுரீர் என்று இழுக்கும், உயிர் போகாது. இந்த வித்தியாசம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் யாரும் செய்யவில்லை. சோலாருக்குக் காசு வேண்டும், திருட்டுக் கம்பிக்குக் கம்பி போதும்.

2023 மார்ச் 7. மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டன் கொட்டாயில் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்து, செத்துக் கிடந்தவற்றையே சுற்றிச் சுற்றி வந்தன. நிலத்துக்காரரைக் கைது செய்தார்கள், செய்ய வேண்டியதுதான். நான் நேரில் போகவில்லை. போனில் வந்த வீடியோவையே முழுசாகப் பார்க்க முடியவில்லை. தாத்தா அன்று சாப்பிடவில்லை.

அதே மார்ச் 18-ம் தேதி கம்பைநல்லூர் பக்கம் இன்னொரு ஆண் யானை. ஏரிக்கரை மேட்டில் ஏறியபோது மேலே போன உயர் அழுத்த மின்கம்பி உரசிச் செத்தது. அந்தக் கம்பியைக் கட்டியது எந்தக் 'காட்டுமிராண்டி'யும் இல்லை. அதற்காக யாரையும் யாரும் திட்டி நான் பார்க்கவில்லை.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. நாடே பொம்மன், பெள்ளியைக் கொண்டாடியது. அந்த நாட்களில் பொம்மன் எங்கே இருந்தார் தெரியுமா? நம் மாவட்டத்தில். பென்னாகரம் பக்கம் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு குட்டிக்காக வந்திருந்தார். கூட்டத்தோடு சேர்க்க முடியாமல் அதை முதுமலை தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் முடிவதற்குள் அதுவும் செத்துப்போனது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, பாலக்கோடு பக்கம் பயிரில் புகுந்துகொண்டிருந்த ஒரு மக்னாவை மயக்க ஊசி போட்டுப் பிடித்து லாரியில் ஆனைமலைக்கு ஏற்றினார்கள். அது அங்கே இருந்ததா? நடந்தே கோயம்புத்தூர் ஊருக்குள் போய்விட்டது. மறுபடி ஊசி, மறுபடி லாரி. யானைக்கும் ஊர் உண்டு, வழி உண்டு என்பது அந்த மக்னாவுக்குத் தெரிந்திருந்தது.

சரி, நான் சஃபாரியே போனதில்லையா? போனேன். காலேஜ் டூரில் முதுமலை. வனத்துறை வேனில் முப்பது பேர். புள்ளிமான், மயில், தூரத்தில் ஒரு யானையின் பின்புறம். அந்தப் பின்புறத்துக்கு நாங்கள் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை நிறுத்தித் திட்டினார். விசில் அடித்தவர்களில் நானும் ஒருவன். அன்று எங்கள் யாருக்கும் கொல்லை கிடையாது, பயம் கிடையாது. யானை எங்களுக்கு இலவச வேடிக்கை.

அந்தக் காட்டை ஒட்டிய மசினகுடியில்தான், 2021 ஜனவரியில், விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயரைத் தூக்கிப் போட்டார்கள். காது வெந்து, சில நாளில் செத்தது. கைதானவர்கள் விடுதிக்காரர்கள், ராகி விவசாயிகள் இல்லை. அதற்கு முந்தைய அக்டோபரில்தான், சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை மறித்த விடுதிகளை எடுக்கச் சொன்ன ஐகோர்ட் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. அந்த விடுதிகளில் ரூம் போட்டவர்கள் யார்? யானையை நேசிப்பவர்கள்!

காமர்ஸ் மாணவன் என்பதால் எனக்கு இது பேரேடாகத்தான் தெரிகிறது. யானையால் வரும் சந்தோஷம், போட்டோ, ரூம் வாடகை, விருது எல்லாம் ஒரு ஆளின் வரவுப் பக்கம். ராத்திரிக் கண்விழிப்பு, போன ராகி, சில வீடுகளில் போன உயிர் இன்னொரு ஆளின் பற்றுப் பக்கம். இரண்டும் ஒரே கணக்கு என்று யாரும் எழுதுவதில்லை. மேலே, பற்றுப் பக்கத்துக்காரனுக்கு ஒழுக்கப் பாடம் வேறு.

2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள். எனக்குச் சந்தோஷமே. கென்னத் ஆண்டர்சன் துப்பாக்கியோடு சுற்றிய அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் இனி யாரும் துப்பாக்கியோடு வர வேண்டாம். ஆனால் கேமராவோடு வருவார்கள். ஒருநாள் ஜீப் வரும், ரிசார்ட் வரும், டிக்கெட் கவுன்ட்டர் வரும். அதற்கு முன்னால் என் கேள்வி: முதல் டிக்கெட்டில் பரண்காரனுக்கு எத்தனை ரூபாய்? சோலார் வேலியை யார் போட்டுக் கொடுப்பார்கள், பேட்டரி செத்தால் யார் மாற்றுவார்கள்? கொல்லை போன ஒரு மாதத்துக்குள், ஐந்து தடவை அலையவிடாமல் பணம் வருமா? இதையெல்லாம் தீர்க்காமல் கவுன்ட்டர் திறந்தால், அந்த டிக்கெட்டில் எங்கள் தாத்தாவின் ராகியும் சேர்த்து விற்கப்படுகிறது என்றுதான் நான் சொல்வேன்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சண்டை போடக் கூடாது என்று அம்மா கண்ணைக் காட்டினார். அதனால் இங்கே சொல்கிறேன். வரும் கார்த்திகையில் இரண்டு நாள் லீவு போட்டு வாங்க சித்தப்பா. கம்பளி நாங்க தர்றோம், டார்ச் மட்டும் நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க, இங்க இருக்கிறது சரியா எரியறதில்ல. கேமராவும் வேணும்னா கொண்டு வாங்க. தாத்தாவுக்கு முட்டி வலி, இந்த வருஷம் அவரால் பரண் ஏற முடியாது. உங்க முறை.