எஃப் 2.8-ல் காணாமல் போன சீன வலை

லீவுக்கு ஊருக்குப் போன நண்பர்கள் சிலர் போர்ட் கொச்சியையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்து படம் காட்டினார்கள். எல்லோரிடமும் எஃப் 2.8 ஜூம். நாளெல்லாம் ஆணி பிடுங்கிச் சேர்த்த காசாச்சே, முழுசாகத் திறந்துவைத்து எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். எல்லாப் படத்திலும் முகம் பளிச். பின்னால் மாவு கரைத்த மாதிரி ஏதோ. "போக்கே எப்படி?" என்று பெருமையாக வேறு கேட்டார்கள். போக்கே இருக்கட்டும் சாமி, கொச்சி எங்கே?

போக்கே ஜப்பானியச் சொல். மங்கல் என்று அர்த்தம். 1997-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதைப் பற்றிக் கட்டுரைகள் போட்ட பிறகுதான் மற்ற ஊர்களுக்குப் பரவியது. எவ்வளவு மங்கல் என்பதல்ல கணக்கு, அந்த மங்கல் பார்க்க எப்படி இருக்கிறது என்பதுதான். நம் மக்கள் அளவை மட்டும் பார்த்துச் சொக்கிப்போகிறார்கள்.

இந்த விஷயத்தில் ஜூம் கொஞ்சம் பாவப்பட்ட ஜென்மம். சாதாரண 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸில் ஆறேழு கண்ணாடி போதும். கேனனின் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பில் (2012) பதினெட்டு. 24-லும் 70-லும், கிட்டத்திலும் தூரத்திலும் ஒரே மாதிரி உழைக்க வேண்டுமென்றால் எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும். லென்ஸின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் சேராததைக் கோளப்பிறழ்ச்சி என்பார்கள். முகம் கூர்மையாக விழவேண்டும் என்று அதை ஒரு படி அதிகமாகத் திருத்திவிட்டால், பின்னணியில் இருக்கும் ஒளிப்புள்ளிகள் விளிம்பு தடித்த வளையங்களாகும். ஒற்றைக் கோடு இரட்டைக் கோடாகும்.

சீன வலையை நேரில் பார்த்தவர்களுக்கு இப்போதே மேட்டர் புரிந்திருக்கும். பெரிய மரச்சட்டம், எடைக்குக் கல் கட்டித் தொங்கவிட்ட கயிறுகள், அதற்கு அப்பால் இறங்குகிற சூரியன். லென்ஸின் குறைகளைச் சோதிக்க யாரோ செட் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும்! முழுசாகத் திறந்து எடுத்தால் ஒவ்வொரு கயிறும் ரெண்டு ரெண்டு. கூடவே நிறப்பிறழ்ச்சி: குவியத்துக்கு முன்னால் இருப்பதன் விளிம்பில் கத்தரிப்பூ நிறம், பின்னால் இருப்பதில் பச்சை. மட்டாஞ்சேரி கடைத்தெரு பல்புகளில் இன்னொரு கூத்து. வட்டமாக விழவேண்டிய வெளிச்சம் படத்தின் மூலையில் பூனைக்கண்ணாக நசுங்கும். சில லென்ஸில் அதற்குள்ளே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி வளையங்கள்.

இத்தனையும் சகித்துக்கொண்டு கிடைப்பது என்ன? நியூஜெர்சி பூங்காவில் எடுத்தாலும் இதே முகம், இதே மங்கல்தான். அதற்கு எதற்கு ரெண்டு விமானம் மாறிப் போகணும்?

ஃபுல் பிரேம் கேமராவில் 24 எம்எம், எஃப் 8 வைத்து மூன்று மீட்டரில் குவியுங்கள். ஏறக்குறைய ஒண்ணேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். பாட்டியும் தெரிவார், பேத்தியும் தெரிவாள், வலையை இழுக்கிற ஆட்களும் தெரிவார்கள். மங்கல்தான் வேணும் என்றால் பின்னால் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். 2016-ல் ஐபோன் 7 ப்ளஸ் வந்ததிலிருந்து போனே அதைச் செய்கிறது. படத்தில் விழாத கயிற்றை எந்த மென்பொருளும் திருப்பிக் கொண்டுவராது.

நான் இவ்வளவு புலம்புவதற்குக் காரணம் வலைகூட இல்லை. அங்கே வேளியில் இருக்கும் தோபிகானா. தலைமுறைகளுக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய வண்ணார் குடும்பங்களின் துறை. கல்லில் அடித்துத் துவைத்து, முறுக்கிய கயிறுகளுக்கு நடுவே கிளிப் இல்லாமல் துணியைச் செருகிக் காயப்போடுவார்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள், விசா முத்திரை மட்டும்தான் இல்லை. நண்பர் ஒருவர் தன் பையனை அந்தக் கொடிகளுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படத்தைக் காட்டினார். பையன் ஜோர். பின்னால் வெள்ளையாக எதுவோ. "இது என்னப்பா, மேகமா?" என்கிறான் அவன்.

டிஸ்கி: "அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு கொட்டி அந்த லென்ஸை வாங்கினீங்க?" என்று தங்கமணி கேட்டாச்சு. ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் கேக் வெட்டும்போது 2.8 வேணும்ல என்று சமாளித்திருக்கிறேன்.