அந்த டப்பாவும் உங்கள் அமானிதமும்

உங்களில் தாதியாக, குடும்பநல மருத்துவமாதாகப் பணிபுரிபவரை, "ஆரோக்கிய வியாபாரத்தில் சேருங்கள், ஓய்வு நேரத்தில் உழைக்கலாம்" என்று யாரும் அழைத்தால் ஒன்று கேளுங்கள்: வருமானம் பொருளை விற்பதாலா, கீழே ஆள் சேர்ப்பதாலா? விற்பனை ஹலால். ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிட் திட்டத்தை நம் நாட்டு வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு தடுக்கிறது. சவூதியின் நிரந்தர ஃபத்வாக் குழுவும் 2004இல் இத்தகைய வியாபாரத்தை ஹராம் என்றது.

உங்களைத் தேடி வருவது உங்கள் சீருடைக்காகத்தான். முல்லைத்தீவில் மீள்குடியேறிய ஒரு கர்ப்பிணிக்கு உங்கள் சொல்லே மருந்து. கிளினிக்கில் திரிபோஷா இலவசம். அதற்கு வந்தவளிடம் விலையுயர்ந்த டப்பாவைக் காட்டினால் மறுக்கமாட்டாள்; கடன்பட்டாவது வாங்குவாள். அந்த நம்பிக்கை அமானிதமல்லவா?

வியாபாரம் செய்ய ஆசையா? உடுப்பு, பலகாரம், தாராளமாகச் செய்யுங்கள். நீங்கள் நிறை பார்க்கும் பிள்ளையின் தாயிடம் மட்டும் டப்பாவை நீட்டாதீர்கள்.